எந்த வாசலைத் தட்டுவது? – அன்றாடச் சட்டச் சிக்கல்களுக்குச் சரியான அலுவலகத்தைக் கண்டுபிடிக்க ஒரு வழிகாட்டி



தமிழாசிரியர் வேலை பாடம் நடத்துவதோடு முடிவதில்லை. பெற்றோர் சந்திப்பு நாளன்று, பிள்ளையின் மதிப்பெண்களைப் பற்றிப் பேசி முடித்தபின், சில பெற்றோர் எழுந்திருக்க மாட்டார்கள். கைப்பையிலிருந்து மடித்த கடிதம் ஒன்று வெளியே வரும். "டீச்சர், இத கொஞ்சம் படிச்சு என்னான்னு சொல்றீங்களா?" அது நீதிமன்றக் கடிதமாக இருக்கலாம், வழக்கறிஞர் கடிதமாக இருக்கலாம், வேலை நீக்கக் கடிதமாகவும் இருக்கலாம். ஆங்கிலமும் தமிழும் தெரிந்த, நம்பிப் பேசக்கூடிய ஓர் ஆள் என்று நம்மிடம் வருகிறார்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் என் பழைய மாணவர் ஒருவருடைய அப்பா அப்படித்தான் வந்தார். பாதுகாவல் அதிகாரியாக வேலை பார்த்தவர். திடீரென்று வேலையை விட்டு நீக்கிவிட்டார்கள், கடைசி மாதச் சம்பளமும் வரவில்லை. "நான் ஒண்ணும் தப்பு பண்ணல டீச்சர். இதுக்கு எங்க போய்க் கேக்கணும்?" என்றார். வேலை போய் அப்போது இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. "ஒரு வக்கீலப் பாருங்க ஐயா" என்று சொல்லி அனுப்பினேன். எனக்கு அதற்குமேல் தெரியவில்லை.

கட்டணத்தைக் கேட்டுப் பயந்து அவர் வக்கீலைப் பார்க்கவில்லை. நண்பர்களைக் கேட்டார். ஐந்தாவது வாரத்தில் நேராக நீதிமன்றக் கட்டடத்துக்குப் போனார். இதற்கு முதலில் சமரசப் பேச்சுக்குப் பதிவு செய்ய வேண்டும், அந்த இடம் வேறு என்று அங்கே சொன்னார்கள். சொன்னது சரிதான். ஆனால், தவறாக வேலைநீக்கம் செய்யப்பட்டதாகப் புகார் கொடுப்பதற்கான கெடு, வேலையின் கடைசி நாளிலிருந்து ஒரே ஒரு மாதம். அது முடிந்துவிட்டது. சம்பளப் பாக்கிக்கான கெடு ஆறு மாதம் என்பதால் அந்தப் பணம் மட்டும் அவருக்குக் கிடைத்தது. "நான் தப்பு பண்ணல" என்று அவர் சொல்ல நினைத்ததைக் கேட்க எந்த மேசையும் மிஞ்சவில்லை.

அன்று நான் சரியான இடத்தைச் சொல்லியிருந்தால் அவருக்கு இரண்டு வாரத்துக்கும் மேல் அவகாசம் இருந்திருக்கும். அந்த உறுத்தலில் தேடிப் படித்ததைத்தான் இங்கே தருகிறேன். நான் வழக்கறிஞர் இல்லை. இது சட்ட ஆலோசனையும் இல்லை. சிங்கப்பூரில் எந்தச் சிக்கலுக்கு எந்த வாசல் என்று காட்டும் ஒரு வரைபடம், அவ்வளவுதான். தொகைகளும் கெடுக்களும் அவ்வப்போது மாறக்கூடியவை. ஆகவே மனு போடும்முன் அதிகாரபூர்வ இணையத்தளத்தில் ஒருமுறை சரிபார்க்கச் சொல்லுங்கள்.

முதலில் மூன்று கேள்விகள்

யாராவது சிக்கலோடு வந்தால், முழுக்கதையையும் கேட்பதற்குமுன் மூன்று கேள்விகளைக் கேளுங்கள்.

1. எப்போது நடந்தது? கடிதத்தில் என்ன தேதி இருக்கிறது?
2. எதிர்த்தரப்பு யார்? முதலாளியா, கடைக்காரரா, அண்டைவீட்டாரா, கணவரா, பிள்ளையா?
3. உங்களுக்கு என்ன வேண்டும்? பணமா, பாதுகாப்பா, ஓர் ஆவணமா?

நாம் பொதுவாக மூன்றாவதில் தொடங்கி, முதல் கேள்வியைக் கேட்க மறந்துவிடுகிறோம். தேதிதான் முதலில் வரவேண்டும். தவறான வரிசையில் நிற்கும்போதும் கெடு ஓடிக்கொண்டேதான் இருக்கும். இரண்டாவது கேள்வியின் பதில் பெரும்பாலும் அலுவலகத்தைக் காட்டிவிடும். அதே ஆயிரம் வெள்ளியை முதலாளி தரவில்லை என்றால் ஒரு வாசல், வீட்டு உரிமையாளர் தரவில்லை என்றால் இன்னொரு வாசல், கடன் வாங்கிய நண்பர் தரவில்லை என்றால் மூன்றாவது வாசல்.

நீதிமன்றங்கள் ஒரு பார்வையில்

மூத்தவர்கள் சிலர் 'கோர்ட்டு' என்றதும் பாடாங் திடலுக்கு எதிரே உள்ள பழைய கட்டடத்தை நினைப்பார்கள். அது இப்போது தேசியக் கலைக்கூடம். உச்ச நீதிமன்றம் அதன் அருகே உள்ள புதிய கட்டடத்தில் இயங்குகிறது. நம்மிடம் வரும் சிக்கல்களில் மிகச் சிலதான் அங்கே போகும்.

பெரும்பாலானவை போவது ஹேவ்லாக் சதுக்கத்தில் உள்ள அரசு நீதிமன்றங்களுக்கு. 2014 வரை இதைச் 'சார்நிலை நீதிமன்றங்கள்' என்று சொன்னோம். சைனாடவுன் எம்ஆர்டி நிலையத்திலிருந்து நடந்து போகலாம். மாஜிஸ்திரேட் நீதிமன்றம், மாவட்ட நீதிமன்றம், சிறு உரிமைகோரல்கள் நடுவர்மன்றம், வேலை நியமன உரிமைகோரல்கள் நடுவர்மன்றம், சமூகப் பூசல்களுக்கான நடுவர்மன்றம், துன்புறுத்தலிலிருந்து பாதுகாக்கும் நீதிமன்றம் எல்லாம் இதன்கீழ் வருகின்றன.

மணவிலக்கு, பராமரிப்புத் தொகை, குடும்ப வன்முறை, இறந்தவரின் சொத்து ஆகியவை குடும்ப நீதிமன்றங்களுக்குப் போகும். முஸ்லிம் திருமணங்களின் மணவிலக்கு ஷரியா நீதிமன்றத்துக்குப் போகும்.

கையில் கடிதம் இருந்தால்

முதலில் யார் அனுப்பியது என்று பாருங்கள். வழக்கறிஞர் நிறுவனத்தின் முகவரித் தலைப்போடு, "இத்தனை நாளுக்குள் பணம் கட்டாவிட்டால் வழக்குத் தொடுப்போம்" என்று எழுதியிருந்தால் அது கோரிக்கைக் கடிதம், நீதிமன்ற ஆவணம் இல்லை. அலட்சியப்படுத்தக் கூடாது, ஆனால் அன்று இரவே தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளவும் வேண்டாம்.

நீதிமன்ற ஆவணம் என்றால் வழக்கு எண் இருக்கும். அந்த எண்ணின் தொடக்க எழுத்துகளே வாசலைச் சொல்லிவிடும். 'எம்சி' என்றால் மாஜிஸ்திரேட் நீதிமன்றம், 'டிசி' என்றால் மாவட்ட நீதிமன்றம், 'எஃப்சி' என்றால் குடும்ப நீதிமன்றம், 'எஸ்சிடி' என்றால் சிறு உரிமைகோரல்கள் நடுவர்மன்றம், 'எச்சி' என்றால் உயர் நீதிமன்றம்.

பணம் கேட்டு மாஜிஸ்திரேட் அல்லது மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குப் போடப்பட்டு, அந்த ஆவணங்களும் கோரிக்கை விவர அறிக்கையும் கையில் கொடுக்கப்பட்டிருந்தால், எதிர்த்து வாதிடப்போவதாக 14 நாள்களுக்குள் தெரிவிக்க வேண்டும். சும்மா இருந்தால், எதிர்த்தரப்பு சொன்னதை யாரும் விசாரிக்காமலேயே தீர்ப்பு வந்துவிடலாம். "நான் கடனே வாங்கல, அப்புறம் எதுக்குப் போகணும்?" என்று சொல்பவர்களிடம் இதை அழுத்திச் சொல்லுங்கள். கடன் வாங்கவில்லை என்றால்தான் கட்டாயம் பதில் தர வேண்டும்.

போக்குவரத்துக் குற்றம் போன்றவற்றுக்காக நீதிமன்றத்துக்கு வரச்சொல்லி அறிவிப்பு வந்திருந்தால், குறித்த நாளில் போகாமல் இருக்கக் கூடாது. கைதாணை பிறப்பிக்கப்படலாம். குற்ற வழக்கில் வக்கீல் வைக்க வசதி இல்லாதவர்களுக்கு, 2022 முதல் இயங்கும் பொதுத் தற்காப்பு அலுவலகம் இருக்கிறது. வருமானம் உள்ளிட்ட தகுதிகளைப் பார்த்து உதவுவார்கள்.

மோசடிக்காரர்கள் போலி நீதிமன்றக் கடிதங்களும் அனுப்புகிறார்கள். சந்தேகம் வந்தால் கடிதத்தில் உள்ள எண்ணை அழைக்காமல், நீதித்துறையின் இணையத்தளத்தில் உள்ள எண்ணை அழைத்துக் கேட்க வேண்டும்.

வேலை, சம்பளம்

இங்கே முதல் வாசல் நீதிமன்றம் அல்ல. டேடம் எனப்படும் முத்தரப்புச் சச்சரவு நிர்வாகக் கூட்டணியில் சமரசத்துக்குப் பதிவு செய்ய வேண்டும். இணையம்வழியே செய்யலாம். சமரசம் கைகூடவில்லை என்றால் அவர்கள் ஒரு சான்றிதழ் தருவார்கள். அதைக் கொண்டு நான்கு வாரத்துக்குள் வேலை நியமன உரிமைகோரல்கள் நடுவர்மன்றத்தில் மனு போட வேண்டும். 2017 ஏப்ரலில் தொடங்கப்பட்ட இந்த நடுவர்மன்றத்தில் வக்கீல் வாதாட முடியாது. தொழிலாளி தானே பேசலாம்.

சமரசத்துக்குப் பதிவு செய்வதற்கான கெடுக்களை எழுதிவைத்துக்கொள்ளுங்கள்:

- தவறான வேலைநீக்கம்: கடைசி வேலை நாளிலிருந்து 1 மாதம்
- சம்பளப் பாக்கி, வேலையை விட்டிருந்தால்: கடைசி வேலை நாளிலிருந்து 6 மாதம்
- சம்பளப் பாக்கி, இன்னும் அங்கேயே வேலை பார்த்தால்: பிரச்சினை எழுந்ததிலிருந்து 1 ஆண்டு

தமிழ்நாட்டிலிருந்து வந்து இங்கே வேலை செய்யும் தம்பிகளுக்கும் சம்பளப் பிரச்சினைக்கு இதே வாசல்தான். சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்குப் பதிவு, வேலை நேரக் குறிப்பு, முதலாளியின் வாட்ஸ்அப் செய்தி எல்லாவற்றையும் அழிக்காமல் வைத்திருக்கச் சொல்லுங்கள்.

வாங்கிய பொருள், செய்த வேலை, வாடகை முன்பணம்

வீட்டுப் புதுப்பிப்புக் குத்தகையாளர் பாதியில் விட்டுப் போனார். கல்யாணத்துக்குச் சாப்பாடு ஏற்பாடு செய்தவர் முன்பணத்தோடு காணாமல் போனார். வாடகைக்கு இருந்த அறையைக் காலி செய்தபின் வைப்புத்தொகை திரும்பவில்லை. இதற்கெல்லாம் சிறு உரிமைகோரல்கள் நடுவர்மன்றம்.

கோரும் தொகை 20,000 வெள்ளி வரை இருக்கலாம். இரு தரப்பும் எழுத்துமூலம் ஒப்புக்கொண்டால் 30,000 வெள்ளி வரை. சம்பவம் நடந்து 2 ஆண்டுகளுக்குள் மனு போட வேண்டும். வீட்டு வாடகை என்றால் ஒப்பந்தக் காலம் 2 ஆண்டுக்கு மேற்படாததாக இருக்க வேண்டும். பயனீட்டாளர் ஒருவர் 5,000 வெள்ளிக்கு உட்பட்ட தொகையைக் கோரினால் மனுக் கட்டணம் 10 வெள்ளிதான். இங்கும் வக்கீல் கிடையாது.

மனுவைச் 'சிஜேடிஎஸ்' என்னும் இணையத்தளத்தில் சிங்பாஸ் கொண்டு போடலாம். அதிலேயே இரு தரப்பும் பேரம் பேசி முடித்துக்கொள்ளவும் வசதி உண்டு. முடியாவிட்டால் முதலில் பதிவாளர் முன்னிலையில் கலந்துபேச்சு, அதன்பின் விசாரணை.

நம் ஆட்கள் அடிக்கடி தடுக்கி விழும் இடங்கள் மூன்று. முதலாவது, நண்பருக்கோ உறவினருக்கோ கொடுத்த கைமாற்று. "ரெண்டாயிரம் வெள்ளிதானே, சின்னத் தொகைதானே" என்று இங்கே வருவார்கள். தொகை சிறியதாக இருந்தாலும் கடன் இந்த நடுவர்மன்றத்தின் வரம்புக்குள் வராது. 60,000 வெள்ளி வரை மாஜிஸ்திரேட் நீதிமன்றம், அதற்கு மேல் 250,000 வரை மாவட்ட நீதிமன்றம். ஒப்பந்தத்தை மீறியதற்கான வழக்குக்குப் பொதுவாக 6 ஆண்டு அவகாசம் உண்டு. இரண்டாவது, வாகன விபத்துச் சேதம். அதுவும் இங்கே வராது. மூன்றாவது, போலிஸ். பணம் திருப்பித் தராதவர்மீது போலிஸில் புகார் கொடுத்தால் பணம் வந்துவிடும் என்று நினைக்கிறோம். மோசடி என்றால் போலிஸ் விசாரிக்கும். வெறும் பாக்கி என்றால் வசூலித்துத் தருவது போலிஸின் வேலை இல்லை.

இன்னொன்றையும் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. ஆணை கிடைத்தாலும் பணம் தானாக வந்துவிடாது. எதிர்த்தரப்பு கட்டவில்லை என்றால், ஆணையை நிறைவேற்ற மீண்டும் தனியாக விண்ணப்பம் போட வேண்டும், அதற்குத் தனிச் செலவும் உண்டு. எதிர்த்தரப்பிடம் பணமோ சொத்தோ இருக்கிறதா என்று யோசித்துவிட்டு இறங்குவது நல்லது.

அண்டைவீட்டார்

மேல்மாடியில் நள்ளிரவுச் சத்தம், வாசலில் சிகரெட் புகை, நடைபாதையில் குப்பை. வாய்மொழித் தேர்வுப் பயிற்சியில் நம் பிள்ளைகள் அடிக்கடி பேசும் தலைப்புகள் இவை. "போலிஸிடம் புகார் செய்வேன்" என்பதுதான் எல்லாரும் சொல்லும் தீர்வு. உண்மையான வரிசை வேறு.

முதலில் நேரில் பேசிப் பார்ப்பது. அடுத்து வீவக, நகர மன்றம், அடித்தளத் தலைவர்கள். அதற்கடுத்து, சட்ட அமைச்சின்கீழ் 1998 முதல் இயங்கிவரும் சமூகச் சமரச நிலையம். அங்கே யாரும் தீர்ப்புச் சொல்லமாட்டார்கள், இரு தரப்பும் உட்கார்ந்து பேசி ஓர் உடன்பாட்டுக்கு வர உதவுவார்கள். அதுவும் பலிக்காவிட்டால்தான் சமூகப் பூசல்களுக்கான நடுவர்மன்றம். 2015ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான இது, 20,000 வெள்ளி வரை இழப்பீடும், தொல்லையை நிறுத்தும் ஆணையும் கொடுக்கலாம். அதே கட்டடத்தில் அல்லது 100 மீட்டருக்குள் குடியிருப்பவர்தான் இங்கே 'அண்டைவீட்டார்'.

எந்த நாள், எத்தனை மணி, எவ்வளவு நேரம் என்று குறிப்பேடு ஒன்றில் எழுதிவரச் சொல்லுங்கள். "எப்பவும் சத்தம்தான்" என்பது ஆதாரம் ஆகாது.

துன்புறுத்தலும் குடும்ப வன்முறையும்

இவை இரண்டும் அடிக்கடி குழம்பும். இரண்டாவது கேள்வியை நினைவில் கொள்ளுங்கள்: செய்தவர் யார்?

கணவர், மனைவி, முன்னாள் துணை, பெற்றோர், பிள்ளை, உடன்பிறந்தவர், மாமனார், மாமியார் போன்ற குடும்பத்தார் என்றால் குடும்ப நீதிமன்றங்களில் தனிநபர் பாதுகாப்பு ஆணைக்கு விண்ணப்பிக்கலாம். நேராக நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும் என்பதில்லை. குடும்ப வன்முறைக்கான சிறப்பு நிலையங்களிலிருந்தும் விண்ணப்பிக்கலாம், கூடவே ஆலோசகர் துணையும் கிடைக்கும். ஆபத்து உடனடியானது என்று நீதிமன்றம் கருதினால், விசாரணை முடியும்வரை காத்திராமல் இடைக்கால ஆணை கொடுக்கும். அடி விழுந்துகொண்டிருக்கும் நேரத்தில் மனுவைப் பற்றி யோசிக்கக் கூடாது, 999. பேசுவதற்கு 24 மணி நேர தேசிய உதவித் தொலைபேசி 1800-777-0000.

செய்தவர் வெளியாள் என்றால், உதாரணமாக, பின்தொடரும் முன்னாள் காதலர், மிரட்டும் சக ஊழியர், ஒருவரின் முகவரியையும் படத்தையும் இணையத்தில் பரப்பித் தொல்லை கொடுப்பவர் என்றால், துன்புறுத்தலிலிருந்து பாதுகாக்கும் நீதிமன்றம். 2021 ஜூன் மாதம் இதற்கென்றே தனியாகத் தொடங்கப்பட்டது. பாதுகாப்பு ஆணையோடு, பதிவை நீக்கச் சொல்லும் ஆணையும் கேட்கலாம். திரைப்பிடிப்பு எடுத்து, தேதியும் இணைய முகவரியும் தெரியும்படி வைத்திருப்பது முக்கியம்.

ஒரு மாணவர் உங்களிடம் வீட்டில் நடக்கும் வன்முறையைப் பற்றிச் சொன்னால், இந்தக் கட்டுரையை எடுத்துக்கொண்டு நீங்களே வழிகாட்ட வேண்டாம். அன்றே பள்ளி ஆலோசகரிடமும் பள்ளித் தலைமையிடமும் சொல்லுங்கள். "யார்கிட்டயும் சொல்லாதீங்க டீச்சர்" என்று பிள்ளை கேட்டாலும், அந்த வாக்கை மட்டும் கொடுக்காதீர்கள்.

மணவிலக்கு, பராமரிப்பு

மணவிலக்குக்கும், மனைவி பிள்ளைகளுக்கான பராமரிப்புத் தொகைக்கும் குடும்ப நீதிமன்றங்கள். தமிழ் முஸ்லிம் குடும்பங்களுக்கு ஒரு விளக்கம் தேவைப்படும். மணவிலக்கு ஷரியா நீதிமன்றத்தில். ஆனால் பாதுகாப்பு ஆணையும், மணவாழ்க்கை நீடிக்கும்போது மனைவி கேட்கும் பராமரிப்புத் தொகையும் குடும்ப நீதிமன்றங்களில்தான். "நாங்க முஸ்லிம், எங்களுக்கு அந்த கோர்ட்டு கிடையாது" என்று நினைத்து அடியைப் பொறுத்துக்கொண்டிருக்கும் பெண்ணுக்கு இந்த ஒரு தகவல் போதும்.

பிள்ளைகள் கவனிக்காத பெற்றோருக்குத் தனி வாசல் இருக்கிறது. 60 வயதாகி, தம்மைத் தாமே பராமரிக்க முடியாத பெற்றோர், பிள்ளைகளிடம் பராமரிப்புத் தொகை கோரலாம். முதலில் பெற்றோர் பராமரிப்பு ஆணையர் அலுவலகத்தில் சமரசம், அதன்பிறகே நடுவர்மன்றம். பெற்ற பிள்ளையைக் கோர்ட்டுக்கு இழுப்பதா என்று தயங்கும் தாத்தா பாட்டிகளிடம், முதல் படி பேச்சுவார்த்தைதான் என்று சொல்லுங்கள்.

இறப்புக்குப் பின்

துக்க வீட்டில் குழப்பம் அதிகம். எல்லாவற்றுக்கும் நீதிமன்றம் போக வேண்டியதில்லை.

- மத்திய சேம நிதி: வாரிசு நியமனம் செய்திருந்தால் கழகமே நேராக அவர்களுக்குக் கொடுக்கும். நியமனம் இல்லையென்றால் பணம் பொதுச் சொத்துப் பொறுப்பாளர் அலுவலகத்துக்குப் போகும். உயில் எழுதியிருந்தாலும் சேம நிதிப் பணம் உயிலுக்குள் வராது.
- வீவக வீடு: கணவனும் மனைவியும் கூட்டு உரிமையாளர்களாக இருந்தால், இருப்பவருக்கு வீடு போய்ச்சேரும். பெயர் மாற்றப் பதிவு மட்டும் செய்ய வேண்டும்.
- வங்கிப் பணம் முதலிய மற்றவை: உயில் இருந்தால் உயில் உறுதிச் சான்றும், இல்லையென்றால் சொத்து நிர்வாகச் சான்றும் குடும்ப நீதிமன்றங்களில் பெற வேண்டும். மொத்தச் சொத்து 50,000 வெள்ளிக்கு மேற்படாவிட்டால், பொதுச் சொத்துப் பொறுப்பாளர் அலுவலகத்தையே நிர்வகிக்கும்படி கேட்டுப் பார்க்கலாம்.
- முஸ்லிம் குடும்பங்கள்: ஷரியா நீதிமன்றத்தில் வாரிசுச் சான்றிதழ் பெற வேண்டும்.

உயிரோடு இருக்கிறார், ஆனால் மறதிநோயாலோ பக்கவாதத்தாலோ முடிவெடுக்க முடியவில்லை என்றால்? அப்போது குடும்பத்தார் குடும்ப நீதிமன்றத்தில் பிரதிநிதியாக நியமிக்கப்பட விண்ணப்பிக்க வேண்டும். நல்ல சுயநினைவோடு இருக்கும்போதே எல்பிஏ எனப்படும் அதிகாரப் பத்திரத்தைச் செய்து, பொதுக் காப்பாளர் அலுவலகத்தில் பதிந்துவைத்திருந்தால் இந்த நீதிமன்ற வேலையே வராது.

நீதிமன்றமே வேண்டாத சில

பெயரை மாற்ற நீதிமன்றம் போக வேண்டாம். வழக்கறிஞரிடம் பெயர் மாற்றப் பத்திரம் எழுதி, குடிநுழைவு, சோதனைச் சாவடிகள் ஆணையத்தில் அடையாள அட்டையை மாற்றலாம். வங்கியோடோ காப்புறுதி நிறுவனத்தோடோ தகராறு என்றால், அந்த நிறுவனத்திடம் புகார் செய்தபின், ஃபிட்ரெக் எனப்படும் நிதித்துறைச் சச்சரவுத் தீர்வு நிலையத்தை நாடலாம்.

கிளம்பும்முன்

எந்த வாசல் என்றே தெரியாவிட்டால் கேட்க இடங்கள் இருக்கின்றன. அரசு நீதிமன்றங்களில் சமூக நீதி நிலையம் என்னும் அறநிறுவனம், வக்கீல் இல்லாமல் வருபவர்களுக்கு வழிகாட்டுகிறது. 1958 முதல் இயங்கும் சட்ட உதவிப் பிரிவு, குற்றவியல் அல்லாத வழக்குகளில் வசதி குறைந்தவர்களுக்கு உதவுகிறது. சமூக மன்றங்களில் மாலை நேர இலவசச் சட்ட ஆலோசனையும் நடக்கிறது. முன்பதிவு செய்ய வேண்டும்.

ஆங்கிலம் சரளமாக வராது என்பதற்காக யாரும் ஒதுங்கத் தேவையில்லை. நீதிமன்றங்களில் தமிழ் மொழிபெயர்ப்பாளர்கள் இருக்கிறார்கள். மனுப் போடும்போதே தேவை என்று குறிப்பிட வேண்டும். விசாரணையன்று போய்க் கேட்டால் வேறு தேதி வாங்கி வரவேண்டி வரலாம். சில விசாரணைகள் ஸூம்வழி நடப்பதால், நேரில் வரவேண்டுமா என்பதையும் கடிதத்தில் பாருங்கள்.

வகுப்பில் பயன்படுத்த

உயர்நிலை 3, 4 மாணவர்களுக்கு இதை ஒரு பாட நேர நடவடிக்கையாகச் செய்யலாம். ஆறு சூழல்களைத் தாளில் எழுதிக் கொடுங்கள்: பகுதிநேர வேலைச் சம்பளம் வரவில்லை, இணையத்தில் வாங்கிய கைப்பேசி பழுது, மேல்மாடிச் சத்தம், படத்தைப் பரப்பும் முன்னாள் நண்பர், கடன் திருப்பித் தராத சித்தப்பா, நியமனம் செய்யாமல் இறந்த தாத்தாவின் சேம நிதி. குழுவாகப் பேசி ஒவ்வொன்றுக்கும் வாசலைக் கண்டுபிடித்து, காரணத்தைத் தமிழில் விளக்க வேண்டும். 'கெடு', 'சமரசம்', 'நடுவர்மன்றம்', 'வைப்புத்தொகை', 'ஆதாரம்' ஆகிய சொற்கள் பிள்ளைகளுக்குப் பழகும். பகுதிநேர வேலை பார்க்கும் பிள்ளைகள் சிலர் "டீச்சர், எனக்கே இப்படி ஆச்சு" என்று சொல்லக்கூடும். அப்போது வேலை எப்போது முடிந்தது என்று அந்தப் பிள்ளையிடம் தேதியைக் கேளுங்கள்.

அந்த ஐயாவை அண்மையில் தேக்கா சந்தையில் பார்த்தேன். வேறு இடத்தில் வேலை கிடைத்துவிட்டது. "அது முடிஞ்சுபோன கதை, விடுங்க டீச்சர்" என்று சிரித்தார். நான் விடவில்லை. இப்போதெல்லாம் யாராவது கடிதத்தை நீட்டினால், படிப்பதற்குமுன் நான் கேட்கும் முதல் கேள்வி, "இது எந்தத் தேதியில வந்துச்சு?" என்பதுதான். நீங்களும் அதிலிருந்தே தொடங்குங்கள்.